பத்து நாள் இருக்கிறது, மச்சான்

அன்புள்ள குமரன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று மாலதி அக்கா சொன்னா. இங்கேயும் குறையில்லை. மூத்தவள் வேலை மாறிவிட்டாள். சின்னவன் இந்தக் குளிரிலும் தொப்பி போடமாட்டான் என்று அடம்பிடிக்கிறான். என் முழங்கால் அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா கதையோடு கதையாக இன்னொன்றும் சொன்னா. வாட்டர்லூவில் மாணவர்களுக்கென்று கட்டப்போகிற அடுக்குமாடிக் கொண்டோ வீடு ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வைத்துவிட்டாயாம். நான் இருக்கிற ஊரில், என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு வாங்குகிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை! கணக்குப் பார்க்கிறவனைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்ற பயம்தானே? அதற்கான சண்டையைத் தேருக்கு வரும்போது நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது அவசரம் வேறு. ஒன்ராறியோவில் கட்டுநரிடம் நேரடியாகப் புதுக் கொண்டோ வாங்கினால், மனம் மாற 10 நாள் சட்டமே தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டின முற்பணம் திரும்பி வரும். போனில் சொன்னால் பாதியிலேயே "ஓம் ஓம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

அக்கா அந்த விலைப்பத்திரத்தையும் அனுப்பியிருந்தா. மூன்று அறை, 560,000 டொலர், அறைக்கு 1,150 வீதம் இரண்டு வருட வாடகை உத்தரவாதம். அதோடு, "வாட்டர்லூவில் மாணவர் வீடு ஒருநாளும் காலியாக இருக்காது" என்று முகவர் சொன்னதாக நீ சொன்னாயாம். 2022இல் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். அந்தக் காலம் போய்விட்டது, மச்சான். ஏன் போனது என்பதுதான் இந்தக் கடிதம்.

உனக்கு இந்த இடத்தின் கதை தெரியவேண்டும். வாட்டர்லூ பல்கலைக்கழகம், லோரியர், கிச்சினரில் தலைமை வளாகம் வைத்திருக்கிற கொனஸ்டோகா கல்லூரி, மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பக்கத்தில் இருக்கிற நோர்த்டேல் ஒருகாலம் தனிவீடுகள் நிறைந்த பகுதி. 2012இல் நகரசபை அதற்குப் புதுத் திட்டம் போட்டது. அதன்பின் வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, லெஸ்டர் தெரு, சன்வியூ தெரு எல்லாம் அடுக்குமாடிகள். வாடகை கட்டில் கணக்கில். ஐந்து அறை வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஐந்து ஒப்பந்தம். வருகிற செப்டம்பருக்கான அறையை முந்தின வருடம் முடிவதற்குள்ளேயே தேடி ஓடுவார்கள். அதைப் பார்த்து ரொறன்ரோவிலிருந்து எங்கட ஆட்களும் வந்து ஒன்று, இரண்டு என்று வாங்கிப் போட்டார்கள். சிலருக்கு நன்றாகவே வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பார். 2019இல் ஒன்ராறியோ அரசு உள்ளூர் மாணவர்களின் கல்விக்கட்டணத்தை 10 வீதம் குறைத்து, பிறகு பல வருடம் அதே இடத்தில் நிறுத்திவைத்தது. கல்லூரிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பல மடங்கு கட்டணம் கட்டுகிற வெளிநாட்டு மாணவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். 2023இல் கொனஸ்டோகாவுக்கு மட்டும் 30,000க்கும் மேல் கல்வி அனுமதி கிடைத்தது, நாட்டிலேயே அதிகம். அந்த வருட முடிவில் கனடா முழுவதும் கல்வி அனுமதியோடு இருந்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். அவர்கள் எல்லாருக்கும் படுக்க ஓர் இடம் வேண்டும். நோர்த்டேலின் வாடகையும், பிரம்டன் பேஸ்மென்ட்களின் வாடகையும் அப்படித்தான் ஏறின.

2024 ஜனவரியில் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு கதவைச் சாத்தத் தொடங்கியது. அந்த வருட அனுமதி 360,000 அளவில், முந்தின வருடத்தைவிட 35 வீதம் குறைவாக இருக்கவேண்டும் என்றார்கள். மாணவர் வங்கியில் காட்டவேண்டிய பணத்தை 10,000 டொலரிலிருந்து 20,635க்கு ஏற்றினார்கள். 2025க்கு இன்னொரு 10 வீதம் வெட்டு. இப்போது 2026இல் புதிதாக வரக்கூடியவர்கள் 155,000 பேர்தான் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள், 2027க்கு 150,000. இது ஒரு வருடத்துப் பிரச்சினை இல்லை, குமரன். நீ வாங்குகிற கட்டடம் இன்னும் நிலத்திலிருந்து எழும்பவே இல்லை. அது முடிந்து திறப்பு உன் கைக்கு வரும்போது அந்த அறைகளுக்கு யார் வருவார்கள் என்று முகவரிடம் கேட்டாயா?

நான் கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரர்களின் கொப்பிகளில் மாற்றம் அப்படியே தெரிகிறது. முன்பு வாடகைக்காரர் வரிசையில் நின்றார்கள். முழு வருட வாடகையையும் முன்னதாகவே தர வந்தவர்களும் உண்டு. இப்போது முதல் மாதம் இலவசம், இணையம் இலவசம், கட்டில் மேசை இலவசம் என்று விளம்பரம் போடுகிறார்கள். புதுக்கட்டடத்தில், நல்ல இடத்தில், ஓர் அறை 900க்குப் போனால் பெரிய விஷயம். இங்கே கோடைகாலத்தையும் மறக்கக்கூடாது. வாட்டர்லூவில் கனபேர் நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேறு ஊரில் வேலை என்று மாறி மாறிப் போகிறவர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கையில் கிடைத்த விலைக்கு அறையை விடவேண்டியிருக்கும்.

சரி, கணக்குப் போடுவோமா? 20 வீதம் நீ போட்டால் கடன் 448,000. நாலரை வீத வட்டி, 25 வருடம் என்றால் மாதத் தவணை 2,480 வரும். கொண்டோக் கட்டணம் 450, சொத்துவரி 300 என்று வை. மொத்தம் 3,230. உத்தரவாத வாடகை 3,450. மாதம் 220 டொலர் கையில் மிஞ்சும், பத்திரத்தில் பச்சை நிறத்தில் போட்டிருக்கிறார்களே, அதுதான். இரண்டு வருடம் முடிந்த அடுத்த மாதத்தைப் போட்டுப் பார். மூன்று அறைக்கு 2,700. நீ ஸ்காபரோவில் இருந்துகொண்டு இங்கே குழாய் திருத்த வரமாட்டாய், ஆகவே பராமரிப்பாளருக்கு 8 வீதம், 216. மிச்சம் 2,484. ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்திலிருந்து 746 டொலர் போகும், அதுவும் மூன்று அறையும் நிரம்பியிருந்தால். அந்த உத்தரவாதப் பணத்தை யார் தருகிறார் என்று நினைக்கிறாய்? நீதான். அது விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது.

இன்னும் முடியவில்லை. வாடகைக்கு விடுவதற்காகப் புதுக் கொண்டோ வாங்குகிறவர், சொந்தக் குடியிருப்புக்கு என்று கழித்திருக்கிற விற்பனைவரியைச் சாவி வாங்குகிற நாளில் தான் கட்டவேண்டும். உன் விலைக்கு அது 24,000 டொலர். பிறகு ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பித்துத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்கவேண்டும். முகவர் இதைச் சொன்னாரா? சேதத்துக்கென்று தனி முற்பணம் வாங்க இங்கே சட்டம் விடாது, கடைசி மாத வாடகை மட்டும்தான். வருட ஒப்பந்தம் முடிந்ததும் மாணவர் தானாகவே மாதவாடகைக்காரர் ஆகிவிடுவார். பிறகு அவர் 60 நாள் முன்னறிவித்தல் தந்துவிட்டுப் போகலாம், நீ அப்படி அவரை அனுப்ப முடியாது. சட்டம் அப்படி இருப்பது சரிதான். ஆனால் பிப்ரவரியில் ஒருவர் போனால் அந்த அறை செப்டம்பர் வரை கிடக்கும் என்பதையும் நீ கணக்கில் எடுக்கவேண்டும்.

லண்டன் அண்ணையைப் பங்கு சேர்க்கப்போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அவருக்குக் கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லைத்தானே? வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை 2023 ஜனவரியிலிருந்து இருக்கிறது, 2027 தொடக்கம் வரை நீட்டிவிட்டார்கள். உன் சட்டத்தரணியிடம் கேட்காமல் அவரிடம் ஒரு சதமும் வாங்காதே.

பெரிய பெரிய கம்பனிகளே மாணவர் வீட்டில் பணம் போடுகின்றன என்று அக்காவிடம் சொன்னாயாம். உண்மை. 2022இல் பிளாக்ஸ்டோன் அமெரிக்காவின் மிகப்பெரிய மாணவர் குடியிருப்புக் கம்பனியை 1,280 கோடி டொலருக்கு வாங்கியது. ஆனால் அவர்கள் பல பத்துப் பல்கலைக்கழக ஊர்களில் ஒரேயடியாக வாங்கினார்கள். ஓர் ஊர் படுத்தால் இன்னோர் ஊர் தூக்கும். நீ வாங்குவது ஒரே தெருவில் ஒரே கதவு. அந்த அமெரிக்கச் சந்தையிலும் இப்போது பயம் இருக்கிறது. அங்கே பிள்ளைப்பிறப்பு உச்சத்தில் இருந்தது 2007இல், அந்தப் பிள்ளைகளுக்கு 18 வயதானது போன வருடம். இனி வருகிற கூட்டம் பொதுவாகக் குறைந்துகொண்டுதான் போகும்.

இவ்வளவும் பணம். ஆனால் எனக்கு நித்திரை வராமல் செய்தது வேறொன்று. வரைபடத்தை நன்றாகப் பார்த்தாயா? மூன்றாவது அறைக்கு ஜன்னல் இல்லை. கண்ணாடிக் கதவு வைத்து அதை அறை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஓடுவதே அந்த இருட்டுக்குள் ஒரு பிள்ளை எட்டு மாதம் படுப்பதால்தான். ஐப்பசி முடிந்தால் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்று உனக்குத் தெரியும். போன வருடம் திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் என் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்தான். ஒரு பேஸ்மென்டில் ஆறு பேரோடு இருக்கிறான், இரவு வேலைக்குப் போகிறவனின் மெத்தையில் இவன் படுக்கிறான். வீட்டுக்குப் படம் அனுப்பும்போது மேல்வீட்டு வாசலில் நின்று எடுத்து அனுப்புவானாம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், சுகந்தி எழும்பி உள்ளே போய்விட்டா. பேராதனையில் நாங்கள் இருந்த போடிங் எப்படியிருந்தாலும் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது, குமரன். உன் பெயரில் இருக்கிற வீட்டில் அப்படி ஓர் அறை இருப்பதை நான் விரும்பவில்லை. நீயும் விரும்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

வீடே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. உண்மையில் இப்போது வாங்குகிறவனுக்கு நல்ல காலம். மத்திய வங்கி வட்டி 2023இல் 5 வீதம் வரை போனது, இப்போது 2.25க்கு இறங்கியிருக்கிறது. விற்கிறவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள், பேரம் பேசலாம். எனக்குப் பிடித்தது வேறு சந்தை. 2026இலிருந்து அரச பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்கு வருகிறவர்களுக்கு, மற்ற மாணவர்கள் மாகாணத்திடம் வாங்கவேண்டிய ஒதுக்கீட்டுக் கடிதம் தேவையில்லை. வாட்டர்லூவுக்கு அப்படியானவர்கள் கனக்க வருகிறார்கள். பலர் மனைவி, கணவனோடு. அவர்களுக்குக் கட்டில் கணக்கு வேண்டாம், ஜன்னலுள்ள இரண்டு அறை, குசினி, ரெயில் பக்கத்தில். 2019இலிருந்து ஓடுகிற ஐயன் (ION) ரெயில் பாதையோரம் ஏற்கெனவே கட்டி முடித்த, உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கக்கூடிய வீடுகள் விலைக்கு இருக்கின்றன. கல்லூரிக்கு மாணவர் குறைந்தாலும், வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் அதே வீட்டில் வந்து இருக்கும். இந்த ஒரு கேள்வியை எந்த வீட்டுக்கும் கேள்: மாணவரே வராவிட்டால் இங்கே யார் இருப்பார்? நீ கையெழுத்து வைத்த வீட்டுக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

இனிச் செய்யவேண்டியது. ஒப்பந்தப் பிரதியும், கட்டுநரின் வெளிப்படுத்தல் ஆவணமும், கொண்டோ வழிகாட்டியும் உன் கைக்கு எந்தத் திகதியில் வந்தன என்று பார். மூன்றில் பிந்தியதிலிருந்துதான் 10 நாள் எண்ணவேண்டும், சனி ஞாயிறும் சேர்த்து. விலகல் அறிவித்தல் எழுத்தில் கட்டுநருக்கோ அவர்களின் சட்டத்தரணிக்கோ போகவேண்டும். முகவரிடம் வாயால் சொல்வது செல்லாது. பிரதியை இன்றிரவே எனக்கு அனுப்பு, நான் முழித்திருப்பேன். சனிக்கிழமை வா. சுகந்தி ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்கிறா. சாப்பிட்டுவிட்டு ஐயன் ஏறி, அந்தப் பாதையோரம் நான் பார்த்துவைத்த மூன்று வீட்டையும் பார்ப்போம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, பேரம் பேசுவதற்கு அவாவை விட்டால் ஆளில்லை.

அன்புடன்,
சிறி