கொடைக்கானல் பைன் தோப்பும் இமயமலைக் காடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை, கொடைக்கானலின் பைன் மரங்களை இமயமலைக்கு நிகரான இயற்கைக் காடு என்று வருணித்திருந்தது. முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவனுக்கு அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அவை மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைனஸ் பேட்டுலா மரங்கள். மனிதர்கள் நட்டு வளர்த்த தோப்பு அது.

ஓய்வு பெற்ற ஆண்டில் சிம்லாவைத் தாண்டி நார்க்கண்டாவுக்குப் போயிருந்தேன். மேற்கு இமயமலையில் ஏறக்குறைய 1,500 முதல் 3,300 மீட்டர் உயரம் வரை ஈர மிதவெப்பக் காடு பரவியிருக்கிறது. கீழ்ச்சரிவுகளில் ஓக் மரங்களும் தேவதாருவும். ஏற ஏற ஸ்புரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள். இன்னும் மேலே கர்சு என்ற ஓக். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும் ஊசியிலை மரங்கள். அவற்றின் நிழலில் அகன்ற இலை மரங்கள். அதற்கும் கீழே வைபர்னம் என்ற புதர்ச்செடி, மலை மூங்கில், நம் மலைகளில் ஊசிக்களா என்கிறோமே அதன் உறவான முட்புதர்கள். தரையில் பெரணியும் காட்டு ஸ்ட்ராபெரியும். விழுந்து மட்கிக் கிடந்த மரத்தின் மேல்கூடப் பாசி மெத்தையாகப் படர்ந்திருந்தது. கொடைக்கானல் தோப்பிலோ காலடியில் பெரும்பாலும் காய்ந்த ஊசிகள்தான் வழுக்குகின்றன.

(நம் பக்கத்து வறண்ட குறுங்காடுகளில் வளரும் செம்புளிச்சானையும் தேவதாரம் என்பார்கள். அதற்கும் இமயமலைத் தேவதாருவுக்கும் எந்த உறவும் இல்லை.)

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம் நாகியா வாலிச்சியானா ஒன்றுதான். அதற்கும் இலை அகலமானது! கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடருக்கென்று சொந்தமானவை, சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காடும் புல்வெளியும். சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் சோலையும் மலை மிதவெப்பக் காடுகளின் பிரிவிலேயே இடம்பெற்றிருக்கிறது. இமயமலையில் ஓக்கின் அருகே சிவக்கப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் தென்னாட்டு வகை, சோலை ஓரங்களில் காட்டுப்பூவரசு என்ற பெயரில் நிற்கிறது. இமயமலையின் சாயலைத் தேடுகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

மதுரைக்காரர்களுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் மஞ்சளாறும் வராக நதியும் வைகையில்தான் கலக்கின்றன. மழையை உள்வாங்கி மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடும் புல்வெளிகளின் மேல்தான் பைனையும், வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தையும், யூகலிப்டஸையும் நட்டார்கள்.

பைன்களை ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை. வெட்டவெளியானால் மண்ணில் கிடக்கும் வாட்டில் விதைகள் கிளம்பிவிடும். பழைய தோப்புகள் சிலவற்றில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அவற்றைக் காத்து, பைன்களைப் படிப்படியாகக் குறைக்கலாம். தோப்பின் வாசலில் இந்த மரங்கள் எங்கிருந்து வந்தவை என்று தமிழில் ஒரு பலகை வைக்கலாம். தாங்களும் அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கோடை விடுமுறைக்குள் வந்தால், மலையேறும் பிள்ளைகள் படித்துவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.