டெட்டனஸ் என்ற சொல்லில் துரு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழின் கேள்வி பதில் பகுதியில் டெட்டனஸ் என்றால் 'துருவினால் வரும் நோய்' என்று போட்டிருந்தீர்கள். அது தப்பு, தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் ஒரு கிரேக்க வினையிலிருந்து வந்தது 'டெட்டனோஸ்', விறைத்து இறுகிய நிலை என்று பொருள். லத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் டென்ஷன், தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டன், ஏன், வடமொழியிலிருந்து நமக்கு வந்த வீணைத் தந்திகூட அதே வேரில் பிறந்தவைதான்.

டெட்டனஸ், அதாவது நம் ஊர் ரண ஜன்னி, வந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். முதலில் தாடை இறுகி வாயைத் திறக்க முடியாது, அப்புறம் கழுத்து, முதுகு, வயிறு என்று பரவி, முற்றினால் உடம்பே வில் மாதிரி பின்பக்கமாக வளைந்துவிடும், சின்னச் சத்தம் கேட்டாலே இழுப்பு வரும், இத்தனைக்கும் நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவு தப்பாது, அதுதான் கொடுமை. 'போதும், தளர்ந்துகொள்' என்று தசைக்குப் போக வேண்டிய தடையைத் தண்டுவடத்தில் கிருமியின் நச்சு நிறுத்திவிடுகிறது.

இந்தக் கிருமியை 1889இல் பெர்லினில் தனியே பிரித்து வளர்த்தவர் ஜப்பானியரான கிடசாட்டோ. அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, காற்றுப் புகாத ஆழமான காயத்தில் பெருகும். துருப்பிடித்த ஆணி ஆபத்தாவது அதில் மண் ஒட்டியிருப்பதாலும் அது ஆழமாகக் குத்துவதாலும்தான். காலில் ஏறிய கருவேல முள்ளும் அதையே செய்யும். 'இரும்பு படவில்லையே' என்று ஊசி போடாமல் விடுகிறவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் பதில் அவர்களுக்கு இன்னும் துணிச்சல் கொடுத்துவிடும் என்பதுதான் என் பயம்.

திருத்தத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். நோயை உண்டாக்கும் நச்சின் அளவு மிகவும் குறைவு, உடம்பு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ள அது போதாது, அதனால் ஒரு தடவை வந்து பிழைத்தவர்களும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்