பிரிக்காத பெட்டிகளைப் பற்றி

அன்பு மகளுக்கு,

சேமிப்பில் ஒரு பகுதியை விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகளில் போட்டு, இருபது ஆண்டுகள் கைவைக்காமல் இருக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ வாங்க நினைக்கும் அந்தப் பிரிக்காத புதுக் கார்டுப் பெட்டிகள்தான் என் மனத்தை உறுத்துகின்றன.

2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன, அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் கார்டு, 1952-இல் டாப்ஸ் நிறுவனம் அச்சிட்டது. விற்காமல் கிடங்கில் தேங்கிய அந்த வரிசைக் கார்டுகளை நிறுவனமே பின்னாளில் கடலில் கொட்டியது. வீடுகளில் இருந்தவையோ பிள்ளைகளின் கைகளில் கசங்கித் தீர்ந்தன. யாரும் பொருட்படுத்தாததால்தான், பழுதில்லாமல் மிஞ்சியதற்கு அந்த விலை. 1980-களின் இறுதியிலோ, பழைய கார்டுகளின் விலையைக் கண்டவர்கள் புதியவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படியம்மா அரிதாகும்? அவற்றில் பெரும்பாலானவற்றைச் சீந்துவார் இன்றும் இல்லை.

நல்ல கார்டின் விலையும் ஏறிக்கொண்டே போகாது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்கு 1986-இல் ஃபிளியர் நிறுவனம் வெளியிட்ட கார்டு, கார்டுகளின் நிலையைப் பார்த்து மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் தரச்சான்றில் முழுப் 10 பெற்றது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போயிற்று. சில மாதங்களிலேயே அதே தரக் கார்டு பாதி விலைக்கும் கீழே இறங்கியது. அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை இதில் போட்டவர்களுக்கு, இறங்கிய விலையிலேயே விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாங்குமுன் கார்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பார். நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைக் கீறல் அப்போது மின்னும். மூலைகளில் வெள்ளை நார் பிரிந்திருக்கிறதா, இருபுற விளிம்பும் ஒரே அகலமா என்று லென்ஸ் வைத்துப் பார். மூலையைக் கூராக்குவதற்காக ஓரம் வெட்டிய கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. அதனால் அளந்தும் பார்க்க வேண்டும். சிறுவயதில் நான் உயிராய் நினைத்த கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். ஆண்டுகள் கழித்து விற்கப் போனபோது, மேல் கார்டின் ஓரத்தில் பதிந்திருந்த பள்ளத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தவர், விலையே பேசாமல் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது.

பெட்டிகளுக்குப் பணம் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடு. அதே தொகைக்குள் கிடைக்கும் பழைய கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பு. இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா