தமிழ் நாவலுக்கு 50,000 சொல் கணக்கு எதற்கு?

ஆசிரியருக்கு,

முப்பது நாளில் 50,000 சொல்லுக்கு நாவல் எழுதும் நவம்பர் சவால் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘தினம் 1,667 சொல் எழுதினால் போதும்’ என்பதோடு நின்றுவிட்டது. சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 1999இல் கிறிஸ் பேட்டி 21 பேரோடு தொடங்கிய சவால் இது. நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடுவிழா அறிவித்துவிட்டது. ஆனாலும் நவம்பர் வந்தால் தனியாகவும் குழுவாகவும் பலர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களில் தமிழில் எழுதுவோர் 50,000 என்ற இலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறாக விரியும். போதாக்குறைக்கு, ‘வந்து கொண்டிருந்தான்’ என்று இடம் விட்டு எழுதுகிறவருக்கு எண்ணிக்கை கூடும், சேர்த்து எழுதுகிறவருக்குக் குறையும். தமிழுக்கு 30,000 முதல் 35,000 சொல் போதும் என்பது என் கணிப்பு. நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200. நிமிடத்துக்கு 20 சொல் தட்டுகிறவருக்கு விரல் வேலை மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும். யோசிக்கும் நேரம் தனி. தீபாவளி நவம்பரில் விழும் ஆண்டுகளில் பண்டிகைக்கென மூன்று நாளை விட்டுவிட்டு, 27 நாளுக்கே திட்டமிடுவது நல்லது.

பலரும் கைவிடுவது இரண்டாம் வாரத்தில். முதல் வாரம் ஊரையும் வீட்டையும் ஆட்களையும் அறிமுகப்படுத்துவதிலேயே ஓடிவிடும். அதன்பின் யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார் என்பது தெரியாமல் எழுத்து நின்றுபோகும். இதற்கு அக்டோபரிலேயே 30 காட்சிகளைக் காட்சிக்கு ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். ‘அண்ணன் பத்திரத்தைக் கேட்கிறான், அம்மா தர மறுக்கிறாள்’ என்ற அளவு போதும். நடுவில் வரிசை மாறினாலும் பரவாயில்லை. அன்றைய எழுத்தைக் காட்சி முடியும் இடத்தில் நிறுத்தாமல் பாதி உரையாடலில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது எளிது.

எழுதும்போது திருத்தவே கூடாது. தகவல் தெரியாத இடத்தில் ### என்று போட்டுவிட்டு மேலே போகலாம். பிறகு தேடினால் ஒன்றுவிடாமல் அகப்படும். அந்த இடத்தில் இணையத்தைத் திறந்தால் அன்றைய மாலை போயிற்று.

பாத்திரத்தின் பெயரைப் பாதியில் மாற்றுவதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனை’, ‘முருகனுக்கு’ கிடைக்காது. உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளியில்லாமல் ‘முருகன’ என்று தேடினால் பெரும்பாலான மென்பொருள்களில் எல்லாம் அகப்படும். புதுப் பெயரும் ‘ன்’னில் முடிந்தால் தப்பித்தோம். ‘செல்வம்’ என்று மாற்றினால் ‘செல்வத்தை’, ‘செல்வத்துக்கு’ என்று ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும். அதை டிசம்பருக்குத் தள்ளிவிட்டு, புதுப் பெயரிலேயே தொடர்ந்து எழுதலாம்.

மாதம் ஒரு நாவல் என்பதைக் கட்டுரையாளர் ஏதோ மேல்நாட்டு அதிசயம்போல எழுதியிருக்கிறார். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களை அவர் பார்த்ததில்லை போலும். அச்சகத்துக்குத் தேதி தவறாமல் கொடுத்த அந்த எழுத்தாளர்கள் சொல்லை எண்ணவில்லை. இத்தனை பக்கம், இத்தனை அத்தியாயம் என்றுதான் கணக்கு வைத்தார்கள். தமிழில் இந்தச் சவாலை ஏற்பவர்களுக்கும் ஒரு நாளைக்கு ஒரு காட்சி என்ற கணக்கே பொருந்தும். இடம் விட்டாலும் சேர்த்தாலும் காட்சியின் எண்ணிக்கை மாறாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்