ஆறரைக் கலன் தாங்கிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

திருகோணமலை

அன்பான ஐயாமார், அண்ணைமார், தம்பிமாருக்கு,

மொறிஸ் மைனர் 1000 காரின் பெற்றோல் தாங்கியைக் கழற்றி, ஓட்டை அடைத்து, திரும்பப் பூட்டியாயிற்று. ஒழுக்கு இல்லை. சீனன்குடாக் காட்டுக்குள் மலைபோல எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், ஆறரைக் கலன், அதாவது 29.5 லீற்றர் கொள்ளும் தகரப் பெட்டிக்கு நன்றி மடலா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உதவியவர்களில் ஒருவர்கூடக் கார்ச் சாமான் விற்பவர் இல்லை. ஆளாளுக்கு ஒரு கைப்பக்குவம் தெரிந்திருந்தது. அதை அளவோடு எழுதிவைப்பதுதான் எங்களால் செய்யக்கூடிய நன்றி.

முதலில் ரேடியேற்றர் கடை ஐயா. "வெல்டிங் பக்கமே கொண்டு போகாதேங்கோ" என்பதுதான் அவர் வாயில் வந்த முதல் பேச்சு. நிறைந்த தாங்கியைவிட வடித்த தாங்கிதான் பொல்லாதது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெற்றோல் ஆவி இருந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். ஆவி காற்றைவிடப் பாரம் என்பதால், மூடியைத் திறந்து வெயிலில் வைத்தாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். ஆகவே பற்றரி வயரைக் கழற்றி (பழைய மைனரில் பிளஸ் முனைதான் காரின் பொடியோடு ஏர்த், அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்), வெட்டவெளியில் வடித்து, சவர்க்காரத் தூள் கரைத்த சுடுதண்ணீரால் மூன்று நான்கு தடவை கழுவினோம். ஈயப் பற்று வைக்கும்போது ஓட்டை மேலே பார்க்கத் தாங்கியைக் கிடத்தி, ஓட்டைக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழ்வரை தண்ணீர் நிரப்பினால் ஆவி தங்க இடமே இராது. செப்புச் சூட்டுக்கோலைத் தூரத்து அடுப்பில் காய்ச்சி எடுத்து வருவதே அவர் முறை. தாங்கிக்குக் கிட்டத் தீ என்ற பேச்சே இல்லை.

ஓட்டைகள் எல்லாம் அடித்தகட்டில், உள்தடுப்புகள் ஒட்டிய வரிசையில் இருந்தன. பெற்றோல் தண்ணீரைவிட இலேசு; உள்ளே வியர்க்கும் தண்ணீர் அடியில் இறங்கி அங்கேயே கறளாக்குகிறது. வெளியே கடல் உப்பு தன் பங்கைச் செய்கிறது. ஊசிமுனை ஓட்டை ஒன்று தெரிந்தால் சுற்றிலும் தகடு கடதாசியாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டைக்கு மேல் ஈயத்தை மட்டும் உருக்கி விட்டால் அடுத்த மாதம் பக்கத்தில் ஒழுகும். அரை மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டை ஓட்டைக்கு வெளியே எல்லாப் பக்கமும் 20 மில்லிமீற்றர் மிகுதியாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, தகட்டுக்கும் தாங்கிக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு ஒட்ட வைக்க வேண்டும். துத்தநாகம் கரைத்த அசிட்டைத் தடவி ஒட்டினால், முடிந்ததும் அப்பச்சோடாத் தண்ணீரால் தேய்த்துக் கழுவவேண்டும். இல்லையென்றால் அந்த அசிட்டே புதுக் கறளைக் கொண்டுவரும்.

உள்கறளுக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் சிற்றிக் அமிலம். ஒரு நாள் ஊறவிட்டு, கைப்பிடியளவு சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்கி, அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி, உடனே காற்றடித்துக் காயவைக்க வேண்டும். கழுவிய தகடு அரை மணிக்குள் மஞ்சளாகத் தொடங்கிவிடும். எனவே காய்ந்த கையோடு ஒரு கோப்பை டூ-ரி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்) எண்ணெயை உள்ளே சுற்றிவிட்டோம். உள்பூச்சு அடிக்கும் யோசனையை லேத் பட்டறை அண்ணை தடுத்தார். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூச்சு தோலாக உரிந்து உறிஞ்சு குழாயை அடைக்கும் என்றார். அவர் சொன்னதே சரி.

படகு எஞ்சின் சாமான் கடைத் தம்பிக்குக் கூடுதல் நன்றி. பெற்றோல் மட்டத்தை முள்ளுக்குச் சொல்லும் மிதவை அலகின் கோர்க் கஸ்கெட் (ஒழுக்குத் தடுக்கும் வளையம்) பொடிந்திருந்தது. சைக்கிள் ரியூப் வெட்டிப் போடச் சொன்னவர்கள் பலர். தம்பி ஒரு போத்தலில் பெற்றோல் ஊற்றி, ஒரே அளவில் வெட்டிய ரியூப் துண்டையும் நைட்ரைல் ரப்பர் துண்டையும் போட்டு வைத்தார். இரண்டு நாளில் ரியூப் துண்டு உப்பிக் கொழகொழத்துவிட்டது. நைட்ரைல் ஏறக்குறையப் போட்டபடியே இருந்தது. 3 மில்லிமீற்றர் நைட்ரைல், ஆணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குதல், ஆணித் தலைக்கு அடியில் பைபர் வாசர்: இவ்வளவுதான். சிலிக்கன் பசை வேண்டவே வேண்டாம். பெற்றோல் பட்டால் அது கழன்று, பம்பின் சல்லடையில் போய் உட்காரும். நிரப்பு வாய்க்கு ரேடியேற்றர் குழாயும் உதவாது. படகுகளுக்கு வரும் பெற்றோல் நிரப்பு குழாயே பொருத்தம்.

பித்தளை மிதவைக்குள் பெற்றோல் புகுந்து குலுக்கினால் சத்தம் கேட்டது. சுடுதண்ணீரில் அமுக்கினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. எதிர்ப்பக்கம் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு வடித்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டையும் துளி ஈயத்தால் மூட வேண்டும். ஈயம் கூடினால் மிதவை தாழும். முள் குறைவாகக் காட்டும்.

வடி ஆணிக்குப் பழைய செப்பு வாசரையே செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கித் தந்தவரும் லேத் பட்டறை அண்ணைதான். கூலி வாங்க மறுத்தார்.

ஒழுக்குச் சோதனைக்குக் கொம்பிரசர் வைக்காதீர்கள். தட்டையான தகடு இரண்டு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கே உப்பத் தொடங்கும். தாங்கியில் தண்ணீர் நிரப்பி, வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, 70 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அதுவே ஒரு பிஎஸ்ஐ. ஒரு மணி நேரம் விட்டு, வெளியே துடைத்த தாளில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

பூட்டிய பிறகும் இருபது நிமிட ஓட்டத்தில் கார் நின்றது. எங்கோ வாங்கிய மூடியில் மூச்சுத்துளை இல்லை. திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும். ஒன்றரை மில்லிமீற்றர் துளை போட்டதும் சரியாயிற்று. இன்னொன்று: எஸ்யூ என்ற மின்சாரப் பெற்றோல் பம்ப் எஞ்சின் அறையிலிருந்து உறிஞ்சுவதால், உறிஞ்சு குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெளியே ஒழுகாமல் காற்றை இழுக்கும். டிக் டிக் என்று விடாமல் அடித்தும் பெற்றோல் வராவிட்டால் பம்பைக் குறைசொல்லுமுன் குழாயைப் பாருங்கள்.

கடைசியாக, வயரிங் வேலைத் தம்பி. புதுக் கஸ்கெட்டும் புதுப் பெயின்ரும் ஏர்த்தைத் துண்டித்ததால் முள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. மிதவை அலகின் ஓர் ஆணியிலிருந்து பொடிக்கு ஒரு கறுப்பு வயர் போட்டார். அவ்வளவுதான் வேலை.

நைட்ரைல் தகட்டில் இன்னும் மூன்று கஸ்கெட்டுக்குக் காணும்; பித்தளைத் தகட்டிலும் மிச்சம் இருக்கிறது. இரண்டையும் ரேடியேற்றர் கடை ஐயாவிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். மைனர்க்காரர் யாருக்கும் தேவைப்பட்டால் காசில்லாமல் வெட்டித் தருவார்.

நன்றியுடன்,
திருகோணமலை பழைய கார்ப் பிரியர்கள் சிலர்