விலாவில் ஒரு வலி

கும்பகோணம்
10-11-2024

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. உனக்குக் கோபம் வந்திருக்காது, கவலைதான் வந்திருக்கும் என்று தெரியும். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் இன்று மழை விட்ட நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டுச் சமாசாரம். அத்தை வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன எண்பது வயசுக்காரரை இந்த அளவுக்கு எழுப்பி நடக்க விட்டிருக்கிறாய் என்றால் அது லேசான காரியமில்லை. சுமதிக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததும் நல்லது. இனி வாரக் கடைசியில் தென்காசிக்கு வந்து போவாள், உனக்கும் ஒரு கை உதவி. இங்கே இவர் நலம். பேரன் ‘ஆச்சி’ என்று தெளிவாகச் சொல்கிறான். மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

சரி, உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன். “கேன்சர் ட்ரீட்மெண்ட் முடிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது, செக்கப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாய், அப்புறமும் ஏன் உன் எழுத்தில் தெளிச்சி இல்லை?” என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை வசந்தா. எல்லோரும் “அதான் சரியாகிவிட்டதே” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ராத்திரி. இடது பக்கம் புரண்டு படுத்தேன். அக்குளுக்கு நாலு விரல் கீழே, விலாவில் சுருக்கென்று ஒரு வலி. ஆபரேஷன் ஆன பக்கம். எழுந்து உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளியில் வலித்தது. அன்றைக்குத் தூக்கம் போனதுதான். மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்தால் உடம்பின் மற்ற இடங்களைவிட எலும்பில்தான் அதிகம் தெரியவரும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவளுக்கு இந்த மாதிரி விஷயத்தைத் தெரியாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. 2022-இல் எட்டு கீமோவுக்கும் என்கூடவே அலைந்து, அவருக்குச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். இப்போதுதான் ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறார். ‘வலிக்கிறது’ என்று நான் வாயைத் திறந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று தெரியும். பகலில் சமையலறையில், பாத்ரூமில், கோவில் பிரகாரத்தில்கூட முந்தானைக்குள் கையை விட்டு அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பேன். இன்றைக்குக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அழுத்தினால் வலிக்கும், உடனே வயிற்றைக் கலக்கும், பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அழுத்துவேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் இங்கேயே ஒரு டாக்டரிடம் போனேன். என் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “எல்லாம் மனசுதாம்மா, தியானம் பண்ணுங்க” என்றார். வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன். மனசு சரியில்லை என்பது உண்மைதான், ஆனால் வலி விலாவில்தானே இருக்கிறது?

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். நான் பயந்த மாதிரி முகம் மாறத்தான் செய்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம், “மூணு வாரமா நீ சரியாவே சாப்பிடலையே, அதுக்குக் காரணம் இதுதானா?” என்றார். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மறுநாளே உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டார்.

சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி என்றால் நம் ஊர்ப் பக்கம் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். எனக்கு அங்கே போய் வரிசையில் உட்கார்ந்ததும் மூச்சு சீராகிவிடும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கிய இடம் அது. பக்கத்தில் இருப்பவள் என் தலையில் முளைத்திருக்கும் சுருட்டை முடியைப் பார்த்ததும் எத்தனை கீமோ என்று கேட்பாள். அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, விலா, முதுகெலும்பு, கழுத்து, அக்குள் என்று விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்திப் பார்க்கிறீங்க?” கணக்கே இல்லை என்றேன். “வலது பக்கத்து விலாவை இதே மாதிரி ஒரு வாரம் அழுத்துங்க, அதுவும் வலிக்கும்” என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். மார்புக்கூட்டில் இரண்டாவது விலா இடைவெளியிலிருந்து கிளம்பி, அக்குளைக் குறுக்காகக் கடந்து, மேல்கையின் உள்பக்கத்துக்குப் போகும் ஒரு நரம்பு. பெயர் இன்டர்காஸ்டோபிரேக்கியல். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது இது அறுபடலாம், இழுபடலாம். அதனால்தான் என் மேல்கையின் உள்பக்கம் இரண்டு வருஷமாக மரத்துக் கிடக்கிறது, அதே இடம் திடீரென்று மிளகாய் பட்டது போல எரிகிறது. நரம்பு மறுபடி வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். போதாததற்கு ரேடியேஷன் பட்ட விலாவும் அதை ஒட்டிய குருத்தெலும்பும் மாதங்கள், வருஷங்கள் கழித்தும் நோகலாம். மார்பை எடுத்த இடத்தில் மார்பு இன்னும் இருப்பது போல அரிப்பதுகூட உண்டு. இதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சில ராத்திரி எனக்கு அப்படி அரிக்கும், சொறிவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. எனக்கு மூளை பிசகுகிறதோ என்று நினைத்திருந்தேன். நரம்பில் நடக்கும் விஷயம்தான், நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார்.

எவ்வளவு பேருக்கு என்று கேட்டேன். டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கேட்டார்களாம். 2009-இல் வந்த ஆய்வு. 47 சதவீதம் பேர் வலி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப்பேர், வசந்தா! இதை ஆபரேஷன் ஆன அன்றைக்கே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இருந்தாலும் புதுசாக வந்த வலி, அதுவும் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கும் வலி என்பதால் எலும்பு ஸ்கேன் எழுதினார். வலது கையில் ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் காக்கவைத்து, அப்புறம் அந்தத் தட்டுக்குக் கீழே படுக்கவைத்தார்கள். ஊசி மருந்தில் கதிரியக்கம் இருப்பதால் அன்றைக்குச் சின்னக் குழந்தைகளைத் தூக்கக்கூடாதாம். ராத்திரி மகன் வீட்டுக்குப் போனபோது பேரன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். நான் கதவோரமாகவே நின்றுவிட்டேன். ஸ்கேனைவிட அதுதான் என்னை வாட்டியது.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. எலும்பு எல்லாம் சுத்தம்.

இங்கேதான் உன் கேள்விக்கான பதில் இருக்கிறது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் சந்தோஷம் தானாக வந்துவிடும் என்று நீயும் நினைக்கிறாய், நானும் நினைத்தேன். ஒரு வாரம் வரத்தான் செய்தது. எட்டாம் நாள், ‘ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால்?’ என்று தொடங்கியது. அடுத்து கழுத்தில் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழு ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். வேண்டாம் என்றார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் செய்தார்களாம், 1994-இல் வெளிவந்தவை. கூடவில்லை. டாக்டர் தொட்டுப் பார்ப்பதும், வருஷத்துக்கு ஒரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), புதுசாக எது வந்தாலும் வாயைத் திறந்து சொல்வதும்தான் முக்கியம் என்றார். கடைசியாகச் சொன்னது எனக்கென்றே சொன்னது.

அவர் சொல்லித்தான் ஒரு நோட்டு போட்டேன். பள்ளிக்கூடத்தில் மிச்சமான நாற்பது பக்க நோட்டு. எந்த இடத்தில் வலி, பத்துக்கு எவ்வளவு, அன்றைக்கு என்ன வேலை செய்தேன், படுத்தால் குறைகிறதா, இவ்வளவுதான் எழுதுவேன். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் தொட்டுப் பார்ப்பதில்லை என்று கை அடித்துக் கொடுத்திருக்கிறேன். புது வலி வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டும். தானாகக் குறைந்தால் சரி. குறையாவிட்டால், நாளுக்கு நாள் ஏறினால், படுத்தாலும் அடங்காமல் தூக்கத்திலிருந்து எழுப்பினால் உடனே சொல்ல வேண்டும். முதுகு வலியோடு கால் துவண்டாலோ மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலும் தள்ளிப்போடக்கூடாது. இது எல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இவரும் படித்திருக்கிறார்.

நோட்டைப் பார்த்துத்தான் ஒன்று புரிந்தது. விலா வலி ஏறிய நாளெல்லாம் நான் மாவாட்டிய நாள், இல்லையென்றால் துணி அலசிப் பிழிந்த நாள். பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் என் தோள் பாதிதான் தூக்குகிறது என்று கண்டுபிடித்தாள். ஆபரேஷன் ஆன புதிதில் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது மறுபடி செய்கிறேன். பூஜை அறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், இரண்டு மாதத்தில் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருக்கிறது. எரிச்சலுக்கு ராத்திரி ஒரு நரம்பு மாத்திரை. விலா வலி ஆறிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. ஒத்தடம் கொடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை, மரத்த இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.

காலையில் விரல் மடங்காமல் மாவுத் தூக்கின் மூடியைத் திறக்க முடியாமல் போவது வேறு வலி. அது புற்றுநோய் திரும்பாமல் இருக்க நான் தினமும் சாப்பிடும் லெட்ரோசோல் மாத்திரையால் வருவது, ஐந்து வருஷம் சாப்பிட்டாக வேண்டும். அதற்கு நடைதான் மருந்து. அமெரிக்காவில் இந்த வகை மாத்திரை சாப்பிடும் பெண்களை ஒரு வருஷம் நடக்கவும் எடை தூக்கவும் வைத்துப் பார்த்ததில் மூட்டு வலி குறைந்திருக்கிறது. நானும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நாலு சுற்று நடக்கிறேன்.

அந்தக் குளக்கரையில்தான் உன்னை அதிகம் நினைப்பேன். 2016 மகாமகத்தில் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க நம் இரண்டு பேர் முந்தானையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு முங்கினோமே. 2022-இல் பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று என் மனசில் முதலில் ஓடியது 2028 என்ற எண்தான். அடுத்த மகாமகம். அதுவரை இருப்பேனா என்று விரல் விட்டு எண்ணினேன். இப்போதும் நடக்கும்போது அந்த எண்ணம் வரும், வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். துரத்தினால் கூட ஒரு சுற்று சுற்றுகிறது.

உன் போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லவில்லையே. ஐப்பசி பிறந்த வாரம் வலது இடுப்பில் புதுசாக ஒரு வலி. நோட்டில் தேதி போட்டேன், இவரிடம் அன்றைக்கே சொன்னேன். அப்புறம் நாள் எண்ண ஆரம்பித்தேன். அந்த நாட்களில் உன் குரலைக் கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். ஒன்பதாம் நாள் குறைந்தது, பதினொன்றாம் நாள் காணோம். எதனால் வந்தது, ஏன் போனது, எதுவும் தெரியாது. நோட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். முன்பெல்லாம் காரணம் தெரியாத வலி என்றால் ஒரே காரணம்தான் தோன்றும். இப்போது காரணம் தெரியாமலே ஒரு வலி வந்து போனதையும் பார்த்துவிட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பகலில் கொஞ்ச நேரம் அது இல்லாமலும் இருக்கிறேன்.

அடுத்த தடவை இப்படி ஆனால் முதல் நாளே உனக்குப் போன் செய்வேன். அழுதால் அழுகிறேன். நீ “பாசிட்டிவாக இரு” என்று மட்டும் சொல்லாதே, “எங்கே வலிக்கிறது, எத்தனையாவது நாள்?” என்று கேள். அது போதும்.

அப்புறம் ஒன்று கேட்கவேண்டும். பொங்கல் முடிந்து மூன்றாவது வாரத்தில் வலது பக்கத்துக்கு மேமோகிராம். இவர் வருகிறேன் என்றுதான் சொல்கிறார். அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் களைத்துவிட்டார், இந்த ஒரு தடவை அவரை வீட்டில் விடலாம் என்று பார்க்கிறேன். சுமதி இரண்டு நாள் அத்தையைப் பார்த்துக்கொள்வாள் என்றால் நீ கும்பகோணத்துக்கு வந்துவிடு, இங்கிருந்து சேர்ந்து போகலாம். அண்ணனிடம் கேட்டுவிட்டு எழுது, இரண்டு லோயர் பெர்த் போட்டுவிடுகிறேன்.

உன்
ராஜி