முப்பந்தலில் நின்ற பியட்

நாகர்கோவில்,
ஆடி மாதம்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது தெருவில் போகிறவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என் முட்டுவலி இருந்தபடியே இருக்கிறது.

நீ வாங்கிய பழைய அம்பாசிடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோவதாகவும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரை மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். மாற்றாதே. நான் பட்டதைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்.

அப்பாவின் 1984 மாடல் பத்மினி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில்தான் பத்மினி, எங்கள் தெருவுக்கு அது என்றைக்கும் பியட். ஆனி கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். வடசேரியில் டேங்கை நிரப்பி, தோவாளையில் பூ வாங்கி, ஆரல்வாய்மொழி வரை தங்கமாக வந்தது. முப்பந்தல் பக்கத்தில் இரண்டு இருமல் இருமி நின்றது. "இசக்கியம்மனுக்குக் காசு போடாம வந்தீங்கல்லா" என்றாள் வீட்டுக்காரி. அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பணகுடியில் மறுபடியும் அதே கதை. தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக் வேப்பர் லாக் என்றார். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும்; திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் சரியாகும். அது நிஜமான நோய்தான், அப்பாவும் துணி சுற்றித்தான் மதுரை போய்வருவார். ஆனால் காற்றாலை இறக்கைகள் பிய்த்துக்கொண்டு சுற்றுகிற ஆனிக் காற்றில், சாரலில், வேப்பர் லாக்கா? எனக்கு மனசு ஒப்பவில்லை. இருந்தாலும் துணி சுற்றினேன். அப்போதும் வண்டி நின்றது.

பிறகு கார்புரேட்டரைப் பிரித்தோம். நாம் பத்தாம் வகுப்பில் அதைப் பார்த்து மிரண்டது நினைவிருக்கிறதா? உள்ளே ஒரு மர்மமும் இல்லை. மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு ஞாபகம் இருக்கும்; குழாய் வாயில் காற்று வேகமாகப் போனால் கீழே உள்ள மருந்து தானாக மேலே ஏறி வரும். அதே சங்கதிதான். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி, அதில் மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை உயர்ந்து ஊசியை அழுத்தி வழியை அடைக்கும், நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரி. அந்த மிதவையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் முக்கு, குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. இன்னொன்று: பெட்ரோல் பீய்ச்சி வருகிற சின்னத் துளையான ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்த யாரையும் விடாதே. அந்தத் துளையில் தலைமுடி அளவு வித்தியாசம் வந்தாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். காற்றடித்தால் போதும்.

ஊசி வால்வு மாற்றினோம், பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிற சவ்வான பம்பின் டயாஃப்ரம் மாற்றினோம். செலவுக் கணக்கை வீட்டில் சொல்லவில்லை. மறுபடி முப்பந்தல், மறுபடி நிறுத்தம்.

அன்றைக்கு எரிச்சலில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன் (பெட்ரோல் முள் செத்து இருபது வருஷம்). 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. தேங்காயெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் தயங்கித் தயங்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தானே ஒழுங்காக ஊற்றும்? பழைய மூடியில் காற்று போகச் சின்ன துளை உண்டு. பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து நான் வாங்கிப் போட்ட பூட்டு மூடியில் அது இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம். அதை எதிர்த்து இழுக்க அந்தச் சின்ன பம்புக்குத் தெம்பு ஏது? டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நிற்கும். டேங்கை நிரப்பாமல் ஊருக்குள் சந்தைக்குப் போய்வந்தவரை தெரியாமல் இருந்ததும் அதனால்தான்.

ஆகவே நீ மூடியிலிருந்து தொடங்கு. அடுத்த தடவை நின்ற உடனே திற. சத்தம் கேட்டால், மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மெதுவாக ஓட்டிப் பார். அதில் ஒன்றும் இல்லையென்றால் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை முகர்ந்து பார். பெட்ரோல் வாடை வந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் எஞ்சின் கெடும்.

ரப்பர் குழாய்களை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடு. இப்போது பெட்ரோல் பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால் என்கிற சாராயம். பழைய ரப்பர் அதற்கு உப்பி விரிசல் விடும், பழைய டேங்கின் கசடும் கரைந்து வந்து அடைக்கும். குலசேகரத்தில் பால்வெட்டி எடுக்கிற நம் ரப்பர் சாதாரண பெட்ரோலுக்கே ஆகாது, காரின் குழாய்க்கு வேறு வகை ரப்பர். எத்தனாலுக்குத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்; மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்காதே.

ஓணத்துக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள். அம்பாசிடரிலேயே வா. முப்பந்தலில் நின்றால் இசக்கிக்குக் காசு போடு, அப்படியே மூடியையும் திறந்து பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்